மூக்கு தேயாத ராஜாக்கள்

ஜூன் 4

அன்புள்ள அண்ணனுக்கு,

(அன்பு பாதி, கோபம் பாதி. எது பெரிய பாதி என்பது உன் பதிலைப் பொறுத்தது.)

என் நம்பரை பிளாக் செய்தாய். அப்பா நம்பரைச் செய்தாய். எதிர்வீட்டு டைலர் அக்காவின் போனில் கூப்பிட்டேன். என் குரல் கேட்டதும் அதையும் செய்தாய். பாவம், அவர் உனக்கு என்ன செய்தார், ஒரு காலத்தில் உன் பேன்ட்டை இரண்டு இஞ்ச் குட்டையாகத் தைத்ததைத் தவிர? தபால்காரரை பிளாக் செய்யும் வசதி இன்னும் வரவில்லை. ஆகவே இந்தக் கடிதம்.

விஷயத்துக்கு வருகிறேன். ஏப்ரலில் அப்பாவுக்கு மூளைக்குப் போகும் ரத்தக்குழாயில் ஒரு சின்ன அடைப்பு. ஆஸ்பத்திரியில் வைத்துச் சரிசெய்து அனுப்பிவிட்டார்கள். நடக்கிறார், பேசுகிறார், பேப்பர் படிக்கிறார், என் மார்க்கில் குறை கண்டுபிடிக்கிறார். எல்லாம் பழையபடிதான் என்று நினைத்தேன்.

வீட்டுக்கு வந்த பிறகு மனுஷன் உம்மென்று இருந்தார். சிரிக்க வைக்கலாம் என்று ஒரு வேலை செய்தேன். முன்னறையில் இருக்கிற அப்பாவின் பல் கிளினிக்கிலிருந்து எடுத்த பஞ்சில் மை தடவி மீசை, நீ விட்டுப்போன கட்டம் போட்ட சட்டை, தலையில் தொப்பி. முன்னறைக் கதவைத் தட்டினேன்.

“வாங்க தம்பி, உக்காருங்க. என்ன பிரச்சினை?”

பல் நாற்காலியில் ஏறிப் படுத்தேன். தலைக்கு மேலே விளக்கைப் போட்டு, கண்ணாடியை வாய்க்குள் விட்டு ஒவ்வொரு பல்லாகப் பார்த்தார். “எல்லாம் நல்லாத்தானே இருக்கு? எதுக்கு வந்தீங்க?” என்றார். என்ன நடிப்பு! என்னால் அடக்க முடியவில்லை, சிரித்துவிட்டேன். சிரிப்புச் சத்தம் கேட்டதும் திடுக்கிட்டுப் பின்னால் போனார். “ஏய் வாலு! நீயா?”

எனக்குக் கொண்டாட்டம். சோப்பு விற்கிற பெண்ணாகப் போனேன், கணக்கெடுக்க வந்த ஆபீசராகப் போனேன். ஒவ்வொரு தடவையும் அப்பா பிரமாதமாக ஒத்துழைத்தார். நம் குடும்பத்தில் எனக்கு மட்டும்தான் கலை வரும் என்று நினைத்திருந்தேனே, ரத்தத்திலேயே இருக்கிறது என்று பெருமைப்பட்டேன்.

பிறகு ஒரு நாள் காலை, பல் தேய்த்துக்கொண்டே முன்னறைக்கு வந்தேன். வாய் நிறைய நுரை. பள்ளிக்கூட யூனிஃபார்ம். அப்பா எழுந்து நின்று மரியாதையாகச் சொன்னார்: “யாரும்மா? நான் இப்போ பேஷண்ட் யாரையும் பாக்குறதில்லையே.”

அன்றைக்கு நான் வேஷமே போடவில்லை அண்ணா.

ஆஸ்பத்திரி டாக்டர் சொன்னது இதுதான். கண்ணில் கோளாறு இல்லை. முகத்தைப் பார்த்து ஆளை அறியும் இடம் மூளையில் அடிவாங்கிவிட்டது. குரல் கேட்டால் தெரியும். திரும்ப வரலாம், வராமலும் போகலாம். சுவரில் இருக்கிற அம்மா படத்தைப் பார்த்து அப்பா நேற்று என்னிடம் ஒன்று கேட்டார். அதை எழுத மாட்டேன்.

வா.

வாலு

*

ஜூன் 12

வாலு,

நன்றாக எழுதியிருக்கிறாய். பஞ்சு மீசை நல்ல கற்பனை. போன வருஷம் “அப்பா மனசு மாறிட்டார், உன்னைக் கூப்பிடச் சொன்னார்” என்று எழுதினாய். மூன்று பஸ் மாறி வந்தேன். அவர் வாசலில் என்னைப் பார்த்தார், உள்ளே போனார், கதவைச் சாத்தினார். நீ ஜன்னல் வழியாக இரண்டு கையையும் விரித்துக் காட்டினாய், ‘முயற்சி பண்ணேன்’ என்கிற மாதிரி. இன்னொரு தடவை அந்த வாசலில் நிற்க எனக்குத் தெம்பு இல்லை.

பல் டாக்டர் படிப்பைப் பாதியில் விட்டது என் குற்றம்தான். லிஃப்ட் மெக்கானிக் ஆனது அதைவிடப் பெரிய குற்றம். அதற்கு அவர் திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். ஆனால் அவர் சேர்த்து வைத்திருக்கிற அந்த ரோமானிய நாணயத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு, என்னை நிமிர்ந்துகூடப் பார்க்காமல் என்ன சொன்னார் என்பது உனக்கும் நினைவிருக்கும். “ரெண்டாயிரம் வருஷம் மண்ணுக்குள்ள கெடந்ததுக்கே ஒரு முகம் இருக்கு. உனக்கு என்னடா இருக்கு? இனிமே என் முகத்துல முழிக்காதே.”

நீ கூப்பிட்ட அந்த ஒரு தடவையைத் தவிர முழிக்கவில்லை. சொன்ன பேச்சைக் கேட்பது தப்பா?

இது உண்மையாக இருந்தால் மட்டும் பதில் எழுது.

அண்ணன்

*

ஜூன் 20

அண்ணா,

ஆஸ்பத்திரிச் சீட்டின் நகலை இணைத்திருக்கிறேன். என்னால் எதையும் போலியாக எழுத முடியும், டாக்டர் கையெழுத்தைத் தவிர. அது எழுதியவருக்கே வராது.

இனி நல்ல செய்தி. உட்கார்ந்து படி.

அப்பா ராஜாக்களை மறக்கவில்லை!

உன் கோபத்துக்கு முன்னால் நீயும் அந்தத் தட்டைப் பார்த்தவன்தான். மற்றவர்கள் அபூர்வமான காசு, பின்பக்கத்தில் யானை போட்ட காசு, கப்பல் போட்ட காசு என்று தேடுவார்கள். அப்பாவுக்கு அதெல்லாம் வேண்டாம். விளிம்பு உடைந்திருக்கலாம், பின்பக்கம் வழித்துவிட்ட மாதிரி இருக்கலாம், முகம் மட்டும் முழுசாக இருக்க வேண்டும். மூக்கு தேய்ந்திருந்தால் ராஜாதிராஜனாக இருந்தாலும் திருப்பி அனுப்பிவிடுவார். வெஸ்பேசியன் என்றால் வெஸ்பா ஸ்கூட்டர் ஓட்டுகிறவர் என்று நான் சின்ன வயதில் நினைத்திருந்தேன். பல் இல்லாமல் வாய் உள்ளே போயிருக்கும் அந்தக் கிழவரைக் காட்டித்தானே குழந்தைகளை அப்பா மிரட்டுவார்? “பாத்தியா, ராஜாதான். ஆனா பல்லு தேய்க்கல.”

நேற்று தட்டை எடுத்து ஜன்னலோரம் வைத்தேன். பயத்தோடுதான். அப்பா ஒன்றை விளிம்பில் பிடித்து எடுத்தார். வெளிச்சத்தில் சாய்த்தார். “நீரோ. கழுத்துச் சதையப் பாரு” என்றார். அடுத்தது. “கால்பா. என்னா மூக்குடா சாமி.” அடுத்தது, அடுத்தது. ஒன்றுகூடத் தப்பவில்லை. தாடிக்கார ஹாட்ரியன், மோவாய் முன்னால் நீண்ட மாக்ஸிமினஸ், தன் நிழலையே முறைக்கிற கராகலா. எல்லாரையும் பேர் சொல்லிக் கூப்பிட்டார், பழைய நோயாளிகளைக் கூப்பிடுகிற மாதிரி. ரொம்ப நாளைக்குப் பிறகு அப்பா சிரித்தார்.

அறையில் உட்கார்ந்து யோசித்தேன். (ஆமாம், யோசிப்பேன். அபூர்வமாக.) நாமெல்லாம் நேராகப் பார்க்கிறோம். ராஜாக்கள் எல்லாரும் பக்கவாட்டில் பார்க்கிறார்கள். அந்தப் பக்கவாட்டு முகத்தை அறிகிற இடம் மட்டும் மூளையில் தப்பித்திருந்தால்?

நான் பக்கவாட்டில் நின்று பார்த்தேன். வேலைக்கு ஆகவில்லை. ஆனால் என் மூக்கைப் பற்றி உனக்குத் தெரியும். அது மூக்கு இல்லை, மூக்குக்கு விட்டிருக்கிற இடம். உனக்கோ அப்பாவின் மூக்கே இருக்கிறது, அப்படியே அச்சடித்த மாதிரி. கால்பாவுக்குச் சவால் விடலாம்.

ஒரே ஒரு தடவை வந்து ஜன்னலோரம் உட்கார். அப்பா கண்டுபிடிப்பார். பந்தயம் கட்டுகிறேன்.

வாலு

*

ஜூலை 1

வாலு,

சீட்டை, என்னோடு வேலை செய்பவரின் மனைவியிடம் காட்டினேன். அவர் நர்ஸ். உண்மைதான் என்றார். அன்றைக்கு ஒரு லிஃப்ட் இரண்டு மாடிக்கு நடுவில் நின்றுவிட்டது. உள்ளே ஒரு ஆள், “யாராவது இருக்கீங்களா?” என்று கத்திக்கொண்டே இருந்தார். கயிறு, மோட்டார், எல்லாம் எனக்குத் தெரியும். ஆனாலும் கொஞ்ச நேரம் கை ஓடவில்லை.

வருகிறேன். நிபந்தனை உண்டு.

நீ சொல்லக்கூடாது. நானும் வாய் திறக்க மாட்டேன். “அப்பா, நான்தான்” என்று அறிமுகப்படுத்திக்கொண்டு அந்த வீட்டுக்குள் நுழைய என்னால் முடியாது. பிச்சை கேட்கிற மாதிரி இருக்கும். அவர் தானாகப் பார்த்து, தானாகச் சொல்ல வேண்டும். சொன்னால் அன்றைக்கே பெட்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுகிறேன். அங்கேயும் லிஃப்ட் பழுதாகும். சொல்லாவிட்டால் திரும்பிப் போய்விடுவேன், நீ தடுக்கக்கூடாது.

கராகலா காசு அவரிடம் ஏழு இருக்கிறது தெரியுமா? குட்டிப் பையனாக, கன்னம் உப்பிப்போய் ஒன்று. அரும்பு மீசை ஒன்று. தாடி வைத்து, நெற்றி சுருங்கி கடைசி ஒன்று. ஒருத்தன் வளர்வதை அப்படி வரிசையாக அடுக்கி வைத்து ரசித்தவர், வளர்ந்துகொண்டிருந்த என்னை ஒரு தடவையாவது அந்த மாதிரி திருப்பித் திருப்பிப் பார்த்தாரா என்று நான் நிறைய யோசித்திருக்கிறேன்.

பார்க்கட்டும். அதற்காகத்தான் வருகிறேன்.

அண்ணன்

*

ஜூலை 5

மாண்புமிகு அண்ணாவுக்கு,

ஞாயிற்றுக்கிழமை காலை, வெயில் முன்னறை ஜன்னலுக்கு வந்த பிறகு வா. வெயில் இல்லாவிட்டால் ராஜாக்களின் முகமே எடுபடாது.

சவரம் செய்துகொள். நீ தாடி வைத்திருந்தால் ஹாட்ரியன் என்று சொல்லிவிடப்போகிறார்.

தாடை வீங்கி வாயைத் திறந்து பேச முடியாத ஒரு ஆள் வருகிறார், கொஞ்சம் பார்க்க முடியுமா என்று அப்பாவிடம் கேட்டுவிட்டேன். உடனே வெள்ளைக் கோட்டைத் தேய்க்கக் கொடுத்துவிட்டார். நோயாளி இருக்கும்போது என்னை உள்ளே விட மாட்டார். நான் கதவுக்கு வெளியே இருப்பேன். காதைச் சாவித்துவாரத்தில் வைக்கமாட்டேன் என்று சத்தியம் செய்கிறேன். கண்ணைத்தான் வைப்பேன்.

வலது பக்கம் பார்த்து உட்கார். மூக்கை நல்லபடியாகக் கவனித்துக்கொள். அதை நம்பித்தான் இந்தக் குடும்பமே இருக்கிறது.

வாலு

*

ஜூலை 15

வாலு,

நான் கதவைத் திறந்துகொண்டு ஓடியதற்கு மன்னித்துவிடு. தெருமுனை வரை நீ கத்திக்கொண்டே வந்தது கேட்டது. திரும்பினால் நின்றுவிடுவேன் என்று பயந்து திரும்பவில்லை. உள்ளே நடந்ததைச் சொல்ல வேண்டியது என் கடமை.

நாற்காலியில் உட்கார்ந்து வலது பக்கம் திரும்பினேன். அப்பா கிட்டே வந்து பார்த்தார். அப்புறம் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் என் மோவாயைப் பிடித்தார், காசை விளிம்பில் பிடிப்பது போலவே, மேலே ரேகை படக்கூடாது என்கிற மாதிரி. வெயிலுக்கு நேராகச் சாய்த்தார். மறுபடி சாய்த்தார். ஒருவரும் என்னை அப்படிப் பார்த்ததில்லை.

“நல்ல முகம் தம்பி உங்களுக்கு” என்றார்.

என்னைத் தெரிந்து சொன்ன தம்பியா, யாரையும் சொல்கிற தம்பியா என்று தெரியாமல் காத்திருந்தேன். “வீக்கம் ஒண்ணும் வெளிய தெரியலயே. வாயைத் திறங்க.”

திறந்தேன். கீழ்க் கடைவாயில் இருக்கும் ஃபில்லிங், எனக்குப் பத்து வயதில் அவரே போட்டது. நான் அவர் விரலைக் கடித்து வைத்து, அவர் ‘ஐயோ’ என்று குதித்தது அன்றைக்குத்தான். கண்ணாடியை அங்கேயே நிறுத்தி ரொம்ப நேரம் பார்த்தார். “இது யார் போட்டா? கை சுத்தமான ஆளு” என்றார். பதில் சொல்ல முடியாதவர்களிடம்தானே பல் டாக்டர்கள் கேள்வி கேட்பார்கள். அப்படியே பேச்சு வளர்ந்தது.

“எனக்கும் உங்க வயசுல ஒரு பையன் இருக்கான். லிஃப்ட் வேலை. ரொம்பக் கஷ்டமான வேலை தம்பி, ஆயிரம் பேர் உசுரு அவன் கையில. நான்தான் ஒரு நாள் புத்திகெட்டுப்போய் ஏதோ சொல்லிட்டேன். அவனும் என்னை மாதிரியே, மூக்குமேல கோபம்.”

என் வாயில் கண்ணாடி இருந்தது. அதை எடுத்த பிறகும் வாய் திறந்தபடியே இருந்தது. இனி நிபந்தனையாவது மண்ணாவது, சொல்லிவிடலாம் என்று நிமிர்ந்தேன். அப்போதுதான் அவர் சிரித்துக்கொண்டே அதைச் சொன்னார்.

“எனக்கு உடம்பு சரியில்லாம போச்சு. ஆள் அடையாளம் கொஞ்சம் தடுமாறுது, வெளிய சொல்றதில்ல. ஆனா அவன் வரட்டும். பெத்தவனுக்குத் தெரியாதா? ஒரே பார்வையில சொல்லிடுவேன்.”

இதற்குப் பிறகு நான் எப்படிச் சொல்வேன்? ‘அப்பா’ என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், என் குரலை அறிந்துவிடுவார். கூடவே, என் முகத்தை இவ்வளவு நேரம் கையில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தும் தெரியவில்லை என்பதையும் அறிந்துவிடுவார். அவரிடம் மிச்சம் இருக்கிற ஒரே நம்பிக்கை அது. அதை நானே போய் உடைக்கவா?

ஒருநாள் அவருக்குத் தானாகவே தெரியவரும் வரை அவர் நான் வருவேன் என்று நம்பிக்கொண்டிருக்கட்டும். நான் வந்துபோனதை அவரிடம் சொல்லாதே. இது ஒன்றுதான் உன்னிடம் கேட்பது.

அண்ணன்

*

ஜூலை 30

அண்ணா,

உன் கடிதம் தாமதமாக வந்தது. தபால்காரரைத் திட்டத் தெம்பில்லை.

நான் சொல்லிவிட்டேன். நீ தெருமுனையில் மறைந்த உடனேயே சொல்லிவிட்டேன். உன்மேல் இருந்த கோபத்தில், மூச்சிரைக்க உள்ளே ஓடிவந்து, “அப்பா, அது அண்ணன்! உங்க நாற்காலியில உக்காந்திருந்தது அண்ணன்!” என்று கத்தினேன்.

அப்பா வெள்ளைக் கோட்டைக் கழற்றி மாட்டினார். “மீசை, சோப்பு, கணக்கெடுப்பு. இப்போ அண்ணனா? போடி வாலு. இந்தத் தடவை ஏமாற மாட்டேன்.”

சத்தியம் செய்தேன். அழுதேன். “அழுகையெல்லாம் நல்லா வருது உனக்கு” என்றார். இத்தனை வருஷம் நான் விட்ட சரடையெல்லாம் திரித்திருந்தால் உன் லிஃப்டுக்குக் கயிறே ஆகியிருக்கும். அன்றைக்கு அதில் ஒரு இழைகூட எனக்கு உதவவில்லை.

ராஜாக்களைத் தெரிகிறது, பெற்ற பிள்ளையைத் தெரியவில்லையே என்று எனக்கு ஆறவில்லை. பல் செட் அளவெடுக்கிற மெழுகு இருக்கிறதல்லவா, இளஞ்சிவப்பில் தகடு தகடாக? அதைச் சூடுகாட்டி, காசுகளில் முகத்தைச் சுற்றியிருக்கிற எழுத்தின்மேல் மட்டும் ஒட்டினேன். முகத்தைத் தொடவில்லை. தட்டை ஜன்னலோரம் வைத்தேன். இதுவும் குறும்பு என்று நினைத்து அப்பா சிரித்துக்கொண்டே எடுத்தார். வெளிச்சத்தில் சாய்த்தார். வைத்தார். இன்னொன்றை எடுத்தார். நீரோவின் கழுத்தை ரொம்ப நேரம் பார்த்தார்.

பிறகு நகத்தால் மெழுகை மெதுவாகச் சுரண்ட ஆரம்பித்தார்.

நான் வெளியே வந்துவிட்டேன். முன்பும் எழுத்தைப் படித்துத்தான் சொல்லியிருக்கிறார் அண்ணா. கழுத்து, மூக்கு, பல் எல்லாம் பழைய பாடம். பேர் தெரிந்தால் மிச்சம் ஒப்பித்துவிடுவார். நான்தான் நடிகை என்று நினைத்திருந்தேன்.

மறுநாளிலிருந்து புதிதாக ஒன்று ஆரம்பித்தது. நான் சொன்னதை நம்பவில்லை என்றுதான் அப்போதும் சொன்னார். ஆனால் கேஸ் சிலிண்டர் போடுகிறவர் வந்தார். அப்பா கதவைத் திறந்து அவர் முகத்தை உற்றுப் பார்த்துவிட்டு, “வந்துட்டியாப்பா?” என்றார். அவர், “ஆமா சார், ரெண்டு நாள் லேட்டாயிடுச்சு” என்றார். குரல் கேட்டதும் அப்பா தலையைக் குனிந்துகொண்டு நகர்ந்துவிட்டார். பேப்பர் போடுகிற ஆளிடம் கேட்டார். விலாசம் தப்பி வந்த ஒருவரிடம் கேட்டார். உன் வயதில் ஆண்பிள்ளை யார் வாசலில் நின்றாலும் கேட்டார். ஒருவரையும் விடவில்லை, ஒருவேளை அது நீயாக இருந்து, கேட்காமல் விட்டுவிட்டால் என்று.

செவ்வாய்க்கிழமை மீட்டர் கணக்கெடுக்க ஒருவர் வந்தார். நல்ல உயரம். நீளமான மூக்குதான். “வந்துட்டியாப்பா?” என்று அப்பா கேட்டார். அந்த மனிதர் அப்பாவைப் பார்த்தார், பின்னால் நின்ற என்னைப் பார்த்தார், ஏதோ புரிந்துகொண்டார் போலிருக்கிறது. “ம்” என்று மட்டும் தலையாட்டினார்.

அப்பா அவர் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். “சொன்னேன்ல, ஒரே பார்வையில தெரிஞ்சுக்குவேன்னு” என்றார், என்னைத் திரும்பிப் பார்த்து. அப்படி ஒரு முகத்தை எந்தக் காசிலும் நான் பார்த்ததில்லை. உள்ளே போய்த் தட்டைக் கொண்டுவந்து, ஒரு வெள்ளிக் காசை எடுத்து அவர் கையில் வைத்து மூடினார். அன்டோனினஸ், அந்தச் சாந்தமான கிழவர். “இது உனக்குன்னே எடுத்து வச்சது. மூக்கு கொஞ்சம்கூடத் தேயல பாரு. வேலை இருக்கும், போயிட்டு வா.”

நான் வாய் திறக்கவில்லை. உன்னைத் திட்டியவள், நானும் திறக்கவில்லை.

சாயங்காலம் அந்த மனிதர் பின்வாசலுக்கு வந்து காசை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். “எனக்கெதுக்கும்மா இது? உன் அண்ணன்கிட்ட குடுத்துடு. எங்கப்பாவும் இப்படித்தான் இருந்தார்” என்றார்.

அண்ணா, அப்பா இப்போது நன்றாகத் தூங்குகிறார். யாரிடமும் எதுவும் கேட்பதில்லை. காலையில் தட்டைத் திறந்து, காலியாக இருக்கிற அந்தக் குழியைக் காட்டி, “உங்க அண்ணன்கிட்ட இருக்கு” என்று என்னிடம் சொல்லிச் சந்தோஷப்படுகிறார்.

காசு என் பென்சில் டப்பாவில் இருக்கிறது. தட்டில் திரும்ப வைத்தால் நீ வரவேயில்லை என்று ஆகிவிடும். உனக்கு அனுப்பினால் வந்தது நீதான் என்று ஆகிவிடும், அப்புறம் நீ வருவதற்கு ஒன்றும் இல்லை. வகுப்பில் டப்பாவைத் திறக்கும்போதெல்லாம் கிழவர் பக்கவாட்டில் எங்கேயோ பார்க்கிறார், எனக்கு ஒரு யோசனையும் வரவில்லை. எனக்கு, அண்ணா!

எங்கே வைக்கட்டும், சொல்லு.

வாலு